கோடை விடுமுறையும் கூர்மதிச் சிறாரும்

பள்ளியின் கடைசி மணி அடித்தவுடன் புத்தகக் கட்டை ஒரு மூலையில் எறிந்துவிட்டுத் தோப்பிற்கும் ஆற்றிற்கும் ஓடுவதே கோடை விடுமுறையின் இலக்கணமென்று நாமெல்லாம் கொண்டிருக்கிறோம். விடுமுறையிலும் பாடம் படியென்று சொல்லும் தந்தையைப் பிள்ளைகள் பகைவராகவே எண்ணுவர். அங்ஙனமிருக்க, அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பன்னிரண்டு பதின்மூன்று வயதுடைய சிறுவர் சிறுமியர் ஆயிரக்கணக்கானோர் ஆண்டுதோறும் வேனிற்காலத்தில் தாய் தந்தையரைப் பிரிந்து, யாதேனுமொரு கல்லூரி விடுதியிற் சென்று தங்கி, மூன்று வாரகாலம் நாடோறும் வகுப்பில் அமர்ந்து கடினமான பாடங்களைக் கேட்டு, முடிவில் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டு அழுகின்றனர் என்றால் யார் வியவாதிருப்பர்? அவர்கள் அழுவது வீட்டை நினைந்தன்று. வீட்டிற்குத் திரும்பவேண்டியிருக்கிறதே என்று நினைந்தாம். இதன் காரணம் யாதென ஆராய்வதும், இம்முறையிற் கொள்ளத்தக்கது இது, தள்ளத்தக்கது இது என எமது அபிப்பிராயத்தை வெளியிடுவதும் இவ்வியாசத்தின் நோக்கமாம்.

இம்முறையின் தோற்றத்தை முதற்கண் கூறுவோம். 1968-ம் ஆண்டு வேனிற்காலத்தில், பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் நடந்த கணிப்பொறி வகுப்பொன்றில் ஜோஸப் பேட்ஸ் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் சேர்ந்திருந்தான். பள்ளிக் கணக்குகள் அவனுக்குச் சலித்துப்போயிருந்தமையால் பெற்றோர் அவனை அங்கே அனுப்பியிருந்தனர். அவ்வகுப்பிலும் அவன் பெரியோரை விஞ்சிச் சென்று, பட்டப்படிப்பை முடித்து மேற்படிப்புப் படிக்கும் மாணாக்கர்க்குத் தானே பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தான். அவனை என்ன செய்வதென்று அறியாத ஆசிரியர், அக்கலாசாலையில் உளநூற் பேராசிரியராயிருந்த ஜூலியன் ஸ்டான்லி என்பவரிடம் அவனை அறிமுகப்படுத்தினார். ஸ்டான்லி மனிதர்தம் ஆற்றலை அளக்கும் துறையில் தேர்ந்தவர். பதினேழு பதினெட்டு வயதினர் கல்லூரியிற் சேர்தற்கு எழுதும் ஸாட் என்னும் பரீட்சையை அவர் அச்சிறுவனுக்குக் கொடுத்துப் பார்த்தார். கல்லூரியிற் சேர்தற்கு வேண்டிய அளவினும் அவன் மிகுதியாகவே பெற்றான். அவனுக்கு ஏற்ற மேற்பாடங்களை நடத்த இசையும் உயர்தரப் பள்ளி யாதேனும் உண்டோவென ஸ்டான்லி தேடியும் பயனில்லை. ஆதலின், தம் கலாசாலைத் தலைவர் ஒருவரை இசைவித்து, பதின்மூன்றாம் வயதிலேயே அவனைக் கல்லூரி மாணவனாக்கினார்.

ஒருவனைக் கண்ட ஸ்டான்லிக்கு, இத்தகையோர் இன்னும் எத்துணைபேர் மறைந்திருக்கின்றனரோ என்னும் எண்ணம் எழுந்தது. 1971-ம் ஆண்டில் இதற்கென ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1972-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பன்னிரண்டு முதல் பதினான்கு வயது வரையுள்ள சிறார் 450 பேரை அழைத்து, பெரியோர்க்குரிய அதே பரீட்சையை எழுதுவித்தார். இதிலுள்ள நுட்பம் கருதத்தக்கது. ஏழாம் வகுப்புப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்குவோர் பலர். அவர்களெல்லாரும் ஒரே தரத்தினர் என்று சொல்லலாகாது. ஆழாக்கைக் கொண்டு முகந்தால் குடத்து நீரும் ஆழாக்கே, குளத்து நீரும் ஆழாக்கே. கருவி சிறிதாயின் ஆழம் புலப்படாது. கருவியைப் பெரிதாக்கியபோது, நூறு வாங்கியோர்க்குள்ளேயே பெரும் வேற்றுமை இருத்தல் வெளிப்பட்டது. சிலர் கல்லூரி வாயிலில் நிற்கும் இளைஞர் பலரைக் கணக்கில் விஞ்சினர்.

கண்டுபிடித்தால் மட்டும் போதுமோ? கண்டவர்க்கு உணவளிக்க வேண்டுமன்றோ? அவ்வாண்டே அவருள் சிலரைச் சேர்த்துச் சனிக்கிழமைதோறும் விரைவான கணக்கு வகுப்பொன்று நடத்தப்பட்டது. பள்ளியில் ஆண்டுக்கணக்காக இழுக்கும் பாடத்தை அவர்கள் வாரத்தில் ஒருநாட் பாடமாகவே கற்று, ஓராண்டிற்குச் சற்று மேற்பட்ட காலத்தில் முடித்தனர். 1979-ம் ஆண்டில் இதற்கென அக்கலாசாலையில் தனி நிலையம் ஏற்பட்டது. 1980-ம் ஆண்டு வேனிலில் சிறார் விடுதியில் தங்கிக் கற்கும் முறை தொடங்கியது. அவ்வாண்டிலேயே வட கரோலினாவிலுள்ள டியூக் சர்வகலாசாலையும், 1982-ம் ஆண்டில் சிக்காகோவை அடுத்த நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையும் இவ்வழியைப் பின்பற்றின. இங்கிலாந்திலும் 2002-ம் ஆண்டில் வாரிக் சர்வகலாசாலையில் இத்தகைய கழகமொன்று அரசாங்க ஆதரவிற் பிறந்து, 2007-ம் ஆண்டில் மறைந்தது.

வேனிலில் வெறுமையாய்க் கிடக்கும் கல்லூரி விடுதிகளே இவ்வேற்பாட்டிற்கு இடம் தந்தன என்பதை ஈண்டு மறத்தலாகாது. கல்லூரி மாணவர் ஊருக்குச் சென்றபின் அறைகளும், உணவுச்சாலையும், நூல்நிலையமும், ஆய்வுச்சாலையும் ஆளின்றிக் கிடக்கும். அவற்றையே மூன்று வாரத்திற்கு இச்சிறார் நிரப்புவர். ஒவ்வொருவரும் ஒரே ஒரு பாடத்தைத் தெரிந்துகொள்வர். ஒருவர் கணிதமும், ஒருவர் தருக்கமும், ஒருவர் இலத்தீன் மொழியும், ஒருவர் மறையெழுத்துக் கலையும், ஒருவர் கட்டுரை வன்மையும் எனத் தத்தம் விருப்பப்படி பயில்வர். காலை ஒன்பது மணிமுதல் பிற்பகல் மூன்று மணிவரை, நடுவே உணவு வேளை நீங்கலாக, வகுப்பு நடைபெறும். பின்னர் விளையாட்டு. இரவு உணவிற்குப்பின் மீண்டும் இரண்டு மணிநேரம் படிப்பு. வகுப்பிற் பதினைந்து பதினாறு பேரே இருப்பர். ஆசிரியர்க்குத் துணையாசிரியர் ஒருவரும் உண்டு. கல்லூரி மாணவர் சிலர் அண்ணன் அக்காள் முறையில் விடுதியில் உடனுறைந்து சிறாரைக் காப்பர். மதிப்பெண் இல்லை; முடிவில் ஒவ்வொருவரைப் பற்றியும் ஆசிரியர் எழுதும் குறிப்பொன்றே வீட்டிற்குச் செல்லும்.

படிப்பே அன்றி அவர்கட்கெனச் சில வழக்கங்களும் வளர்ந்துள்ளன. வார இறுதியில் நடனம் உண்டு. அதன் முடிவில் ‘அமெரிக்கன் பை’ என்னும் 1971-ம் ஆண்டுப் பாட்டு ஒலிக்க, எல்லாரும் சேர்ந்து பாடுவர். நகைச்சுவை நாவலொன்றில் துவாலையின் பெருமை பேசப்படுவதை நினைந்து, தோளில் துவாலையொன்றைப் போட்டுத் திரிவாரும் உளர். இவை வெறும் பிள்ளை விளையாட்டே. ஆயினும், தமக்கென ஒரு குலமும் அக்குலத்திற்கென ஓர் ஆசாரமும் உண்டென்று ஒரு குழந்தை உணர்தற்கு இவை காரணமாகின்றன.

இனி இதன் பயன் யாது? மூன்று வாரத்தில் ஓராண்டுப் பாடம் முடிந்ததே எனப் பெற்றோர் மகிழ்வர். அதனை யாம் பெரிதாக எண்ணவில்லை. அப்பாடம் பிற்காலத்தும் கற்கப்படக்கூடியதே. எமது கருத்தில் தலையாய பயன் வேறொன்று. வகுப்பில் வினா எழுந்தவுடனே கையுயர்த்தும் மாணாக்கனை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். முதல் மாதத்தில் ஆசிரியர் அவனைப் புகழ்வர். இரண்டாம் மாதத்தில், “நீ இரு, மற்றவர் சொல்லட்டும்” என்பர். மூன்றாம் மாதத்தில் உடன் மாணாக்கர் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டியிருப்பர். நான்காம் மாதத்தில் அவன் கை உயர்வதில்லை. விடை தெரிந்தும் தெரியாதவன்போல் இருக்கக் கற்றுக்கொள்கிறான். சன்னல் வழியே வெளியே பார்க்கிறான். ஆசிரியர் அவனைச் சோம்பேறி என்று குறித்துக்கொள்கிறார். அவன் ஒரு சிறுமியாயின், அடக்கம் என்னும் பெயரால் இம்மறைப்பு இன்னும் விரைவிற் கைகூடுகின்றது. நம் வாசகருள்ளும், தம் பள்ளிப் பருவத்தை நினைந்து இதனைப் படிக்கையில் ஒருகணம் நிற்பார் சிலர் இருப்பர் என்றே நம்புகிறோம்.

இத்தகைய சிறுவன் அவ்விடுதியில் முதல்நாள் இரவு உணவிற்கு அமர்கிறான். பகா எண்களைப் பற்றித் தான் நெடுநாளாக எண்ணிவந்த ஒன்றை வாய்தவறிச் சொல்லிவிடுகிறான். ஒருவரும் நகைக்கவில்லை. எதிரே இருந்தவள், “அஃது எப்போதும் உண்மையாமோ?” என்று கேட்கிறாள். உணவு ஆறிப்போகிறது, பேச்சு ஆறவில்லை. அன்று அவன் இரண்டு செய்திகளை அறிகிறான். தான் தனியன் அல்லன் என்பது ஒன்று. தான் முதல்வனும் அல்லன் என்பது மற்றொன்று. முன்னது அவன் துயரைத் தீர்க்கும். பின்னது அவன் செருக்கைத் தீர்க்கும். வீட்டிலோ பள்ளியிலோ இவ்விரண்டையும் ஒருங்கே கொடுக்கவல்லார் அரியர். இறுதிநாட் கண்ணீருக்கு இதுவே காரணம் என்று கொள்கிறோம்.

நிற்க, இம்முறைக்கு மாறாகக் கூறப்படுவனவற்றையும் நடுநிலையுடன் ஆராய்தல் வேண்டும். ஆடிப்பாடும் பருவத்தைப் பாடத்திற் கழிக்கச்செய்தல் கொடுமை என்பர் சிலர். வேண்டாத குழந்தையை வற்புறுத்தி அனுப்பின் கொடுமையே. பெற்றோர்தம் பெருமைக்காகப் பன்னிரண்டு வயதுக் குழந்தையை மாதக்கணக்காக அப்பரீட்சைக்குப் பழக்குதலும் உண்டு. அதனை யாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். ஆனால் கணக்கே விளையாட்டாக உடைய குழந்தைக்குக் கணக்கை மறுத்தலும் கொடுமையே. நீந்த விரும்புவானைக் கரையில் நிறுத்தி, ‘நீ இளைப்பாறு’ என்பது எங்ஙனம் அன்பாகும்?

அடுத்த தடை வலியது. கூர்மதியுடையோர் இவர், அஃது இல்லார் இவர் எனப் பன்னிரண்டாம் வயதிற் பிரித்தற்கு எவர்க்குத் திறமுண்டு? அமெரிக்க நாட்டுச் சரித்திரமே இதற்கு எச்சரிக்கை தருகின்றது. ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் லூயிஸ் டெர்மன் என்னும் பேராசிரியர் 1921-ம் ஆண்டு தொடங்கி, கலிபோர்னியாவிலுள்ள குழந்தைகளுட் புத்திப் பரீட்சையில் மேம்பட்டோர் 1,500-க்கு மேற்பட்டவரைத் தெரிந்தெடுத்து, அவர்தம் வாழ்நாள் முழுவதும் ஆராய ஏற்பாடு செய்தார். அப்பரீட்சையை எழுதியும் வேண்டிய அளவு பெறாமையால் தள்ளப்பட்ட சிறுவர் இருவர் உளர். ஒருவர் வில்லியம் ஷாக்லி. 1956-ம் ஆண்டில் பௌதிகத்திற்கு நோபல் பரிசு பெற்றவருள் ஒருவர். மற்றவர் லூயிஸ் ஆல்வரஸ். 1968-ம் ஆண்டில் அதே பரிசைப் பெற்றவர். டெர்மன் தெரிந்தெடுத்தவருள் ஒருவரும் அப்பரிசைப் பெற்றிலர். வலையில் அகப்பட்ட மீனைக்கொண்டு கடலை அளத்தல் எத்துணைப் பிழை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஸ்டான்லியின் பரீட்சையும் இக்குறையினின்று நீங்கியதன்று. 1980-களின் தொடக்கத்தில், பதின்மூன்று வயது நிரம்புமுன் கணிதப் பகுதியில் 800-க்கு 700-ம் அதற்கு மேலும் பெற்றோரைக் கணக்கெடுத்தபோது, சிறுமி ஒருத்திக்குச் சிறுவர் 13 பேராக இருந்தனர். கணிதம் பெண்டிர்க்கு இயல்பாகவே வாராது என்று பத்திரிகைகளிற் பேச்செழுந்தது. முப்பதாண்டு கழியுமுன் அத்தொகை சிறுமி ஒருத்திக்குச் சிறுவர் ஏறக்குறைய 4 பேராகக் குறைந்துவிட்டது. மனிதர்தம் மூளை முப்பதாண்டில் மாறுவதில்லை. மாறியவை சிறுமியர்க்குக் கிடைத்த பாடமும், ஊக்கமும், வாய்ப்புமே. எனவே, அப்பரீட்சை குழந்தையின் ஆற்றலை மட்டுமன்றி, அக்குழந்தைக்கு உலகம் அதுகாறும் கொடுத்திருந்ததையும் சேர்த்தே அளந்தது என்பது தெளிவாம்.

இதனோடு பணத்தடையையும் எண்ணிப் பார்க்க. இத்தகைய புகழ்பெற்ற நிலையங்களில் மூன்று வாரத்திற்குச் செலுத்தவேண்டிய தொகை இன்று ஐயாயிரம் டாலரினும் மேற்படுகின்றது. ஏழைகட்கு உதவிப்பணம் அளிக்கின்றனர் என்பது மெய்யே. ஆயினும், இப்படியொன்று உண்டென்று அறிந்து, விண்ணப்பம் எழுதி, பரீட்சைக்குப் பணங்கட்டி, குழந்தையை அழைத்துச்செல்லும் பெற்றோர் யார்? பெரும்பாலும் தாமே கற்றவரும் செல்வருமாவர். கடையில் வேலைசெய்யும் தாய்க்கு அவ்வறிவிப்பே எட்டுவதில்லை. இங்ஙனம், தனிமையால் வாடும் கூர்மதிச் சிறார்க்கென எழுந்த ஏற்பாடு, நாளடைவில், ஏற்கெனவே எல்லாம் பெற்றிருக்கும் சிறார்க்கு இன்னும் ஒன்றாக முடியும் ஆபத்து இருக்கின்றது.

ஆயின் இவ்விரு தடைகளும் நீக்கக் கூடாதனவல்ல. வட கரோலினா மாகாணத்தார் 1963-ம் ஆண்டில், உயர்தரப் பள்ளி மாணவர் 400 பேரைத் தெரிந்தெடுத்து, ஸேலம் கல்லூரியில் தங்கவைத்து, கட்டணமின்றியே கோடைப்பள்ளி நடத்தினர். அதற்கு முந்திய ஆண்டிலேயே, அக்காலத்துச் சோவியத்து நாட்டில், ஸைபீரியாவின் நோவோஸிபிர்ஸ்க் நகரை அடுத்த விஞ்ஞானிகள் குடியிருப்பில், கணித அறிஞர் லவ்ரெண்டியெவ் முதலானோர் இதுபோன்றதொரு வேனிற்பள்ளி நிறுவினர். தொலைவிலுள்ள ஊர்களின் பள்ளிகட்கும் எட்டுமாறு கணக்குகளை விடுத்து, விடையனுப்பியவருட் சிறந்தோரை அங்கே வருவித்தனர். இவ்விரண்டும் சற்று மூத்த மாணவர்க்குரியன. சிறுவர்க்கென்றே 2011-ம் ஆண்டில் நியூயார்க்கில் டானியல் ஸஹாரோபல் என்னும் கணித ஆசிரியர் தொடங்கிய ஏற்பாடு எமக்கு எல்லாவற்றினும் உவப்பானது. அவர் பெற்றோர் விண்ணப்பத்திற்காகக் காத்திருந்திலர். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளே பெரும்பான்மையாகப் படிக்கும் நகரப் பள்ளிகளை நாடிச்சென்று, ஏழாம் வகுப்பினர்க்குக் கற்ற கணக்கைக் கேளாமல், சிந்தித்தே விடை காணவேண்டிய புதிர்களைக் கொடுத்தார். அவற்றோடு போராட விருப்பங்காட்டியவரைக் கல்லூரி விடுதியில் மூன்று வாரம் பணமின்றித் தங்கவைத்தார். பின்னர் உயர்தரப் பள்ளியிலும் கல்லூரியிலும் அவர்கள் சேருங்காறும் அக்கழகம் அவரைக் கைவிடுவதில்லை.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி எமது கருத்தை மூன்று கூறாக உரைப்போம்.

முதலாவது, இக்கோடைப்பள்ளியைப் பரிசாகக் கருதாமல் தேவையாகக் கருதவேண்டும். பரிசு, வென்றவனுக்கு உரியது. மற்றவன் பெறாமற்போவதே அதன் சிறப்பு. தேவையோ அத்தன்மைத்தன்று. கண்மங்கிய குழந்தைக்குக் கண்ணாடி கொடுக்கையில் நாம் அதனைப் பட்டம் என்று சொல்வதில்லை. விரைந்து கற்கும் குழந்தைக்கு விரைந்த பாடமும் ஒத்த தோழமையும் கொடுத்தலும் அதுபோன்றதே. ஆதலின், ‘மேதை’ என்னும் பெயரைப் பன்னிரண்டு வயதுத் தலையில் ஏற்றுதலை யாம் விரும்புகிலோம். அப்பெயர் சிலர்க்குச் செருக்காகும், பலர்க்குச் சுமையாகும், தள்ளப்பட்ட சிறுவனுக்கோ, அவன் பிற்காலத்து ஷாக்லியே ஆயினும், தீராத வடுவாகும்.

இரண்டாவது, தேடிச்செல்லும் கடமை குழந்தைக்கும் பெற்றோர்க்கும் உரியதன்று. பள்ளிக்கும் கல்லூரிக்கும் உரியது. ஒரே ஒரு பரீட்சையை வாயிலாக வைத்து, அவ்வாயிலிலும் கட்டணம் வாங்குவோமாயின், நாம் தேடுவது அறிவையன்று, வசதியை. வகுப்பாசிரியரின் சொல்லும், தானே முயன்று செய்த கணக்கும், எழுதிய கட்டுரையும், ஒருமுறை தவறியவன் மறுமுறை முயலும் உரிமையும் ஆகிய பல வாயில்கள் திறந்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது, மூன்று வாரம் ஓராண்டாகாது. வேனிலில் ஓராண்டு அல்ஜீப்ராவை முடித்துவந்த சிறுமியை, இலையுதிர்காலத்தில் அதே அல்ஜீப்ரா வகுப்பில் முதற்பாடத்திலிருந்து உட்காரவைக்கும் பள்ளிகள் அந்நாட்டில் உண்டு. விடாய்த்தவனுக்கு ஒருமுறை நீர்கொடுத்துவிட்டுக் கிணற்றை மூடுதற்கு இஃது ஒப்பாகும். ஸ்டான்லியும் கோடை வகுப்போடு அமையாது, பள்ளியே அக்குழந்தைக்கு இடங்கொடுத்து மேல்வகுப்பிற் சேர்த்தல் வேண்டுமென்று வாதாடியவர். அவர் 2005-ம் ஆண்டிற் காலமானார். அவ்வாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

இவ்வியாசத்தைப் படிப்போருட் பலர் நாளை ஆசிரியராகச் செல்வர். சிலர் ஏற்கெனவே ஆசிரியராயிருக்கின்றனர். அவர்கட்கு ஒரு சொல். சர்வகலாசாலையும், டாலரும், விடுதியும் இல்லாதவிடத்தும் இவ்வேற்பாட்டின் உயிர்நிலை இருத்தல் கூடும். அது வேறொன்றுமன்று: சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையைச் சோம்பேறியென்று குறித்துக்கொள்ளுமுன், அவனைத் தனியே அழைத்து, வகுப்பிற்கு மேற்பட்ட கணக்கு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தல். அவன் அதனை எடுத்துக்கொண்டு ஓடினால், அவ்வூரில், அல்லது அடுத்த ஊரில், அதே கணக்கோடு விளையாடும் இன்னொரு பிள்ளையைத் தேடி இருவரையும் ஓரிடத்தில் உட்காரவைத்தல். 1968-ம் ஆண்டில், தம் வகுப்புச் சிறுவனை என்ன செய்வதென்று அறியாத கணிப்பொறி ஆசிரியர் செய்ததும் இவ்வளவே: தமக்குத் தெரியாதென்று விட்டுவிடாமல், தெரிந்தவரிடம் அழைத்துச் சென்றார். அத்துணைச் சிறிய செயலினின்றே இத்துணையும் விளைந்தது. நம்மவரும் அங்ஙனம் செய்வாராக.